மூணு ஓட்டை கேஸ்கட்

கொடிமரக்குப்பத்தில் இருந்தது ஒரே ஒரு கார். அதுவும் மெட்ராஸில் டாக்ஸியாக ஓடி ஓய்ந்துபோன வெள்ளை டீசல் கார். ஓய்வெடுக்க வந்த இடத்தில் அதை யாரும் சும்மா விடவில்லை. பாதி நாள் எறால் கூடை, மீதி நாள் கல்யாணச் சவாரி, நடுநடுவே பிரசவம், பாம்புக்கடி, வயிற்றுப்போக்கு. பின்சீட்டில் எப்போதும் கவிச்சி அடிக்கும். குப்பத்தில் அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

கார் இரண்டு வீட்டுக்குச் சொந்தம். ஒன்று துளசிங்கத்தின் வீடு. இன்னொன்று அவர் மனைவி கஸ்தூரியின் தம்பி பொன்னுரங்கத்தின் வீடு. வாரம் ஒருத்தர் என்று பாடு வைத்து ஓட்டினார்கள்.

பாடு என்பது ஏரிக்காரர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. பழவேற்காட்டு ஏரி பார்க்கத்தான் பெரிசு. எறால் விழுகிற இடம் கொஞ்சம். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. பாடு வந்தவன் அன்றைக்கு ராஜா. அவன் வலையில் எவ்வளவு விழுந்தது, வலை கிழிந்ததா, கழி முறிந்ததா என்று கொடிமரக்குப்பத்தில் எவனும் கேட்கமாட்டான். கேட்டால் கண் வைக்கிறான் என்று அர்த்தம். நல்லதோ கெட்டதோ, அவன் பாட்டில் வந்தது அவனோடு போயிற்று.

காருக்கும் அதே சட்டம்தான். வாரம் முடிந்த காலையில் சாவியை அடுத்தவர் வீட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டயர் தேய்ந்ததா, எண்ணெய் குறைந்ததா, ஒரு வார்த்தை கிடையாது. வலைக்குச் சரியாக வந்த சட்டம் இன்ஜினுக்கு வருமா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் வாடைக்காற்று ஆரம்பித்து ஓயவே இல்லை. ரேடியோவில் புயல் என்றான். எங்கே கரை கடக்கும் என்று மட்டும் அவனுக்கும் தெரியவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான், துளசிங்கத்தின் பாட்டில், கரைரோட்டில் கார் நின்றது. வெள்ளைப் புகையாகக் கக்கியது. ஆவி அடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கியது. குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி, படகைக் கரையேற்றுகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்து துளசிங்கத்தின் வாசலில் விட்டார்கள்.

வீட்டுக்குள் லோகா இருந்தாள். துளசிங்கத்தின் ஒரே பெண் லோகாம்பாள், நிறைமாதம். புருஷன் கண்ணப்பன் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தான். இது அவளுக்கு இரண்டாவது. முதல் பிரசவத்தின்போது குப்பத்தில் கார் கிடையாது. வலி எடுத்தவளைத் தோணியில் போட்டுக்கொண்டு எதிர்காற்றில் பழவேற்காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதி ஏரியில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. அதற்குப் பிறகுதான் கார் வாங்கினார்கள். எறாலுக்கு என்று ஊருக்குச் சொன்னாலும், கஸ்தூரிக்கும் துளசிங்கத்துக்கும் தெரியும், அது லோகாவுக்காக வாங்கிய கார்.

இந்தத் தடவை பிள்ளை குறுக்கே கிடப்பதாக நர்சம்மா சொல்லியிருந்தாள். "பஸ்ஸுல ஏத்தாதீங்க, குலுங்கக் கூடாது. லேசா வலி எடுத்தாலும் கார்ல படுக்க வச்சு நேரா பொன்னேரிக்கு இட்டுகினு போங்க. ஆபரேஷன்தான்" என்றாள். இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வாரம் காரிலேயே பொன்னேரிக்குப் பக்கத்தில் அனுப்பம்பட்டில் அவள் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். அதற்குள் புயலும் வந்தது, காரும் படுத்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல நைனா, நீ பயப்படாதே" என்றாள் லோகா. சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. துளசிங்கத்துக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் அந்தோணிசாமி பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைச் சுவரை ஒட்டி ஷெட் வைத்திருந்தான். கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அதைத் தாண்டி வந்தவன் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று கஸ்தூரி ஒரு குடம் தண்ணீரை எடுத்து வாசலில் வைத்தாள். அந்தோணிசாமி சிரித்துக்கொண்டே கழுவினான்.

"டச்சுக்காரன் போய் எத்தினியோ காலம் ஆச்சு அக்கா. அவன் இன்னா பண்ணுவான்?"

"பண்றானோ இல்லியோ. நீ கழுவு."

வாசலில் நான்கு கழி நட்டு மேலே தோணியின் பழைய பாய்ச்சீலையைக் கட்டினார்கள். அதன் கீழே நின்று அந்தோணிசாமி ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. "தண்ணி எறங்கிட்ச்சு" என்றான். போல்ட்டுகளைக் கழற்றி, துளசிங்கம் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம் பிடித்து, இன்ஜின் தலையைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். நடுவில் இருந்த தகடு ஓர் இடத்தில் கருகித் தின்றுபோயிருந்தது.

"ஹெட் கேஸ்கட் பூட்ச்சு துளசிங்கம்ணே. இது வேற போட்டாத்தான் வண்டி." அந்தோணிசாமி தண்ணீர் ஓடுகிற துவாரங்களில் விரலை விட்டுச் சுரண்டினான். நகத்தில் வெள்ளையாகப் பொருக்கு வந்தது. நாக்கில் வைத்துத் துப்பினான். "உப்பு பூத்துக் கீது. யார்ணே ரேடியேட்டர்ல ஏரித் தண்ணி ஊத்துனது? உப்புதான் கேஸ்கட்டத் தின்னுட்ச்சு."

துளசிங்கம் குனிந்து கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கினார்.

"வேற யாரு? என் தம்பிதான்" என்றாள் கஸ்தூரி. "கெணத்துக்குப் போயி ஒரு கொடம் எடுக்க ஒடம்பு வளையாது அவனுக்கு. சோம்பேறி. வரட்டும், வச்சுக்கறேன்."

ஊற்றியது துளசிங்கம். அந்த ஊரில் நாக்குக்காரன் என்று அவருக்குப் பேர். ஏரித் தண்ணீரை ஒரு விரல் தொட்டு வைத்து, இது முகத்துவாரத்துத் தண்ணீர், இது ஆற்றுத் தண்ணீர், எறால் இந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்லுவார். சொன்னபடி ஒதுங்கும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கி ஏரித் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு இனித்துவிடும். போன மழையிலிருந்து அவர் பாடு வரும்போதெல்லாம் கரைரோட்டில் வண்டியை நிறுத்தி, நாக்கில் வைத்துப் பார்த்து, நல்ல தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லி ஊற்றிக்கொண்டிருந்தார். நாக்குக்குத் தெரியாத உப்பு இரும்புக்குத் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னது? இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். உள்ளே லோகா இருமினாள். வாய் தானாக மூடிக்கொண்டது. தன் நாக்கு தன் பெண்ணின் பிராணனுக்கே வந்து நிற்கிறது என்பதை எந்த வார்த்தையால் சொல்வது?

அந்தோணிசாமி தின்றுபோன தகட்டின் ஓரத்தைத் துடைத்துக் காட்டினான். ஓரத்தில் பட்டாணி அளவில் இரண்டு துளைகள்.

"இது ரெண்டு ஓட்டை. பொன்னேரில போயி அதயே கேளுங்க. ஒரு ஓட்டை, ரெண்டு ஓட்டை, மூணு ஓட்டைனு மூணு தினுசு வரும். ஓட்டை ஏற ஏறத் தகடு கனம். மாத்தி எடுத்துகினு வந்துடாதீங்க."

"மாத்திப் போட்டா இன்னா ஆவும்?"

"கனம் கம்மியாப் போட்டா பிஸ்டன் மேல வந்து வால்வுல இடிக்கும். ஓடிகினே இருக்கறப்ப வால்வு ஒடஞ்சா அவ்ளோதான், நட்டநடு ரோட்டுல நிக்கும். கனம் ஜாஸ்தியாப் போட்டா அமுக்கம் பத்தாது. மழைக்குளிர்ல ஸ்டார்ட்டே ஆவாது."

நடு ரோட்டில் நிற்பது ஒன்று, வாசலை விட்டே கிளம்பாதது ஒன்று. துளசிங்கம் இரண்டையும் நினைத்துப் பார்த்தார். இரண்டிலும் பின்சீட்டில் லோகா இருந்தாள்.

பழைய தகட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு நடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போனார். வயல்களெல்லாம் தண்ணீர். கதிர் வாங்கிய நெல் தலைசாய்ந்து கிடந்தது. பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. டிரைவர் மட்டும், நாளைக்கு வண்டி இல்லை, டிப்போவில் சொல்லிவிட்டார்கள் என்றான்.

பார்ட்ஸ் கடையில் கேஸ்கட்டுகள் ஆணியில் அப்பளம் மாதிரி வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் பழையதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு ஓட்டைதான். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த இன்ஜினை இதுக்கு முன்னாடி யாராவது இறக்கினாங்களா? பிளாக்கை லேத்துல குடுத்துத் தேச்சாங்களா? தேச்சிருந்தா பிளாக் உயரம் குறைஞ்சு பிஸ்டன் மேல ஏறும், தகடு அதிகக் கனமாப் போடணும்."

"இல்லீங்களே. வாங்குனதுலேர்ந்து தொறந்ததே இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

என் பாட்டில் திறக்கவில்லை என்றுதான் துளசிங்கத்தால் சொல்ல முடியும். மீதிப் பாதி வாரங்கள் பொன்னுரங்கத்தின் வாரங்கள். அந்தப் பாதியில் என்ன நடந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலிருந்தது மரியாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

"தெரியலீங்க" என்றார். "வீட்ல பொண்ணு புள்ளத்தாச்சிங்க. நாளைக்கு பஸ் இல்லயாம். தப்பாப் போச்சுன்னா திரும்ப வர முடியாதுங்க."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு ஓட்டையும் மூன்று ஓட்டையும் ஒவ்வொன்று இறக்கி, நடுவில் அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். "போடாததை மடங்காமக் கொண்டுவந்து குடுங்க. எதுனு அங்க பாத்து முடிவு பண்ணுங்க."

வருகிற வழியெல்லாம் துளசிங்கம் அந்தக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் சாமி படமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ஏரி கறுத்துவிட்டது. கஸ்தூரி கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் வைத்தாள். லோகா இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளினாள். முதுகு வலிக்கிறது என்றாள். "முதுகுதான், வயிறு இல்ல" என்றும் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தோணிசாமி வந்து இரண்டு ஓட்டைத் தகட்டைக் கையில் எடுத்தான். கேள்வியே இல்லை, பழையது எதுவோ அதுதான் புதுசும் என்றான். பிஸ்டன் தலைகளில் கரி பிடித்திருந்தது. அவன் போல்ட்டு துடைக்கிற நேரத்தில், கஸ்தூரி மண்ணெண்ணெய் துணியை எடுத்துக்கொண்டு கரியைத் தேய்த்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சோற்றுக் குண்டான் அடியைத் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாது அந்தோணி, நாலுலயும் ஒரே எடத்துல பளபளன்னு கீது? நகம் பட்ட மாதிரி?"

அந்தோணிசாமி குனிந்து பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது. விரலால் தடவினான்.

"வால்வு ஒரசிகினு இருந்துருக்குது" என்றான் மெதுவாக. "அப்போ இந்த ரெண்டு ஓட்டையே இந்த இன்ஜினுக்கு கனம் பத்தலை. யாரோ பிளாக்க தேச்சுட்டு, பழைய கனத்தயே திரும்பப் போட்டுட்டான். இல்லாட்டி மெட்ராஸ்ல டாக்ஸி ஓட்டறப்ப எப்பவோ ஒரு தபா பட்டு நின்ன தழும்பு. தேச்சிருந்தா மூணு ஓட்டை போடணும். தேய்க்காம இருந்து மூணு போட்டா, இந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆவாது. நான் இன்னா சொல்றது? அளக்கறதுக்கு மானி மெட்ராஸ்லதான் கீது."

"பாத்தா தெரியாதா?" என்றாள் கஸ்தூரி.

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? யாருக்குத் தெரியுமோ அவனக் கேளு."

அன்றைக்குப் பொன்னுரங்கத்துக்கு ஏரியில் பாடு. புயல் என்றாலும் அவன் போயிருந்தான். பாட்டை விட்டால் மறுபடி முறை வர வெகு நாளாகும், காற்று முற்றுவதற்கு முன் வலையை எடுத்துவிடலாம் என்ற கணக்கு. துளசிங்கம் தோணியை அவிழ்த்தார். கஸ்தூரி கரைவரை ஓடிவந்தாள்.

"இந்தக் காத்துல எங்க போறே? அதுவும் அவன் பாட்டுல? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்" என்றார்.

கரையை விட்டதும் காற்று தோணியை எதிரிலிருந்து அறைந்தது. கழியை ஊன்றினால் சேறு பிடித்து இழுத்தது. அலை சின்ன அலைதான், ஆனால் ஓயாமல் வந்தது. முதல் பிள்ளையைக் கொண்டுபோன அதே தண்ணீர். அன்றைக்கும் இவர்தான் கழி தள்ளினார். காதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காததால், பின்னால் லோகா முனகுகிறாள் என்று தோன்றியது. ஒரு தடவை திரும்பியே பார்த்துவிட்டார். வெறும் தோணி.

கழிகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் பொன்னுரங்கம் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தோணி தன் எல்லைக்குள் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"மாமா! என் பாட்டுல இன்னாத்துக்கு தோணி விட்டே? வெளிய நில்லு!"

"ஒண்ணு கேக்கணும் ரங்கம்."

"கரைக்கு வந்து கேளு!"

"கரைக்கு வர நேரம் இல்ல. ஒன் பாட்டுல வண்டியத் தொறந்தியா? பிளாக்க லேத்துல குடுத்தியா?"

பொன்னுரங்கத்தின் கையிலிருந்து வலை நழுவியது. அவன் பாட்டுக்குள் நின்று அவன் பாட்டைப் பற்றியே ஒருத்தர் கேட்கிறார், அதுவும் அக்கா புருஷன். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான்.

"நான் உன்ன ஒரு நாளாச்சும் கேட்டனா மாமா? உன் பாட்டுல இன்னா ஆச்சு, இன்னா பண்ணேனு கேட்டனா?"

ஏரித் தண்ணீர் ஊற்றியது துளசிங்கத்தின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "லோகாவுக்கு முதுகு வலிக்குதுடா" என்றார்.

பொன்னுரங்கம் காற்றைப் பார்த்தான், வலையைப் பார்த்தான்.

"போன தையில கல்யாண சவாரி போனேன் இல்ல, அப்ப சூடேறிப் போச்சு" என்றான். "மீஞ்சூர்ல ஒரு லேத்துல விட்டேன். மேல்பக்கம் வளஞ்சிருக்குதுனு ஒரு தபா தேச்சுக் குடுத்தான். என் பாட்டுல வந்தது, நானே பாத்துக்கினேன். இதுல உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா கீது?"

"கேஸ்கட்டு?"

"பழசு மாதிரியே ஒண்ணு வாங்கிப் போட்டான். இன்னா மாமா, தப்பா அது?"

"மூணு போட்டிருக்கணும்டா. ஏறு தோணில."

"வலை?"

துளசிங்கம் தோணியை அவன் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். பொன்னுரங்கம் பாதி அவிழ்த்த வலையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு ஏறினான். இரண்டு பேரும் சேர்ந்து கழி போட்டார்கள். பின்காற்று என்பதால் தோணி பறந்தது.

வாசலில் கால் வைத்ததும் துளசிங்கம் லேத்து விஷயத்தைச் சொன்னார்; கஸ்தூரி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். தேய்த்ததையும் சொல்லவில்லை, உப்புத் தண்ணீரையும் ஊற்றினான், இவன் ஒரு மனுஷனா என்றாள்.

"நான் ஏரித் தண்ணி ஊத்தல அக்கா."

"நீ ஊத்தாம டச்சுக்காரன் எழுந்து வந்து ஊத்துனானா?"

"மெய்யாலும் ஊத்தல அக்கா" என்றான் மறுபடியும். அவள் நம்பவில்லை. துளசிங்கம் மூன்று ஓட்டைத் தகட்டைப் பிரித்து அந்தோணிசாமியிடம் நீட்டினார்.

தகட்டை வைத்து, தலையைத் தூக்கி உட்காரவைத்து, போல்ட்டுகளைப் போட ஆரம்பித்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து "அம்மா" என்று சத்தம் வந்தது. இது முதுகு இல்லை என்று அந்தோணிசாமிக்குக்கூடத் தெரிந்தது.

"சீக்கிரம்டா அந்தோணி!"

"சீக்கிரம் பண்ணக் கூடாது அக்கா. நடுவுலேர்ந்து வெளிய, கொஞ்சம் கொஞ்சமா, சுத்திச் சுத்தி முடுக்கணும். ஒரு பக்கம் மட்டும் முடுக்கிட்டா தலை வளைஞ்சுடும். திரும்பவும் ஒழுகும்."

இதைவிடக் கொடுமையான வேலை உலகத்தில் இல்லை. ஒரு போல்ட்டில் கொஞ்சம், எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம், மறுபடி நடுவில். உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் அந்தோணிசாமியின் கை நிற்கும். பிறகு திரும்பவும் நடுவிலிருந்து தொடங்குவான். துளசிங்கம் ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தார். பொன்னுரங்கம் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினான். யாரும் சொல்லாமலே கிணற்றுக்குப் போனான். அதைப் பார்க்கும்போது துளசிங்கத்துக்கு யாரோ செருப்பால் அடிக்கிற மாதிரி இருந்தது.

பாய்ச்சீலை காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. மழை இறங்கியது. லோகாவைத் தூக்கிவந்து பின்சீட்டில் அம்மா மடியில் படுக்கவைத்தார்கள். சாவியைத் திருப்பினார் துளசிங்கம். கர், கர் என்றது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை.

"தேச்சது கம்மியா இருந்தா கனம் ஜாஸ்தியாத்தான் போயிருக்கும்..." என்று இழுத்தான் அந்தோணிசாமி.

"வாயை மூடுடா" என்றான் பொன்னுரங்கம்.

பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாம் முறை கர் என்பதுகூட முனகலாகிவிட்டது. குப்பத்து ஆட்கள் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார்கள். பச்சைமுத்து, குப்பன், வலை கட்டுகிற கிழவர்கள், பெண்கள், எல்லாரும் சேற்றில் காலை ஊன்றித் தள்ளினார்கள். கார் சறுக்கியது, நகர்ந்தது, கரைரோட்டின் சரிவில் வேகம் எடுத்தது. துளசிங்கம் கிளட்சை விட்டார். இன்ஜின் ஒரு தடவை குதித்தது. இரும்பு இரும்பில் இடிக்கிற சத்தம் வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டார். கரும்புகை கக்கியது. பிறகு தட்டுத்தடுமாறி ஓட ஆரம்பித்தது. பொன்னுரங்கம் ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

பழவேற்காட்டைத் தாண்டும்வரை யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. துளசிங்கத்தின் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தார். பின்னால் லோகா கத்துவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"லோகா! பேசுடி!" என்றாள் கஸ்தூரி.

"இருக்கேன்மா."

பொன்னேரி ரோட்டில் பாதி வந்ததும் சூடு காட்டுகிற முள் ஏறியது. பேட்டரி தீர்ந்திருந்ததால் இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்தால், ரேடியேட்டரின் பழைய ரப்பர்க் குழாய் பிளந்து ஒழுகியது. பொன்னுரங்கம் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். ஒழுகல் நின்றது, ஆனால் உள்ளே தண்ணீர் இல்லை. கொண்டுவந்த குடமும் ஆட்டத்தில் கவிழ்ந்து போயிருந்தது. ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகி, ஆவி அடங்கும்வரை நின்றார்கள். அவன் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்து வெள்ளத்தில் முக்கி எடுத்து வந்தான்.

"மழைத் தண்ணிதான் இதெல்லாம். ஏரியும் கலந்துருக்கலாம். நீ பாத்துச் சொல்லு மாமா" என்று குடத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "உன் நாக்குக்குத் தெரியாதா?"

துளசிங்கம் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது. துளி உப்பு இல்லை. நல்ல தண்ணீர் என்று அவர் நாக்கு சொன்னது, எப்போதும் சொல்கிற மாதிரியே. குடத்தை வாங்கிக் கீழே கொட்டினார்.

"இன்னா மாமா? உப்பா?"

"இல்ல, இனிக்குது. என் நாக்க நம்பாதடா ரங்கம். போன மழைலேர்ந்து என் பாட்டுல நான் இப்படித்தான் பாத்துப் பாத்து ஊத்துனேன். கேஸ்கட்டத் தின்னது நான் ஊத்துன தண்ணி. நீ இல்ல."

மழையில் இரண்டு பேரும் நின்றார்கள். கார்க் கதவு திறந்திருந்தது. கஸ்தூரி புருஷனைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷக் குடித்தனமும் இருந்தது. பேச ஆரம்பித்தவளை லோகாவின் கை தடுத்தது. தன் தலைமாட்டில் இருந்த தூக்கை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்த் தூக்கை, அவள் நகர்த்தினாள்.

"எனக்கு வச்ச தண்ணி இது. இத ஊத்து" என்றாள். "ஊத்திட்டு வண்டிய எடு நைனா. அப்புறம் அழுவலாம்."

தூக்குத் தண்ணீரைத் துளசிங்கம் ஊற்றினார். போதாததற்கு, பொன்னுரங்கம் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து மழையை நேராக வாங்கி, அதையும் ஊற்றினான். அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் சூடு அடங்கி, முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரில் ஏற்றும்போது லோகா துளசிங்கத்தின் சட்டையைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எடுத்த உடனே அழுதது, வராந்தா வரைக்கும் கேட்டது. கஸ்தூரி சுவரோடு சுவராக உட்கார்ந்து தானும் அழுதாள். லோகா பிழைத்துக்கொண்டாள் என்று மறுநாள் காலையில்தான் டாக்டர் உறுதியாகச் சொன்னார். புயல் வடக்கே ஆந்திரா பக்கம் போயிருந்தது.

அன்றைக்குக் காரின் பாடு மாறுகிற நாள். துளசிங்கம் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்ற காரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். பொன்னுரங்கம் டீக்கடை பெஞ்சில் இருந்தான். ஏரியில் விட்டுவந்த வலை என்ன ஆயிற்றோ என்று அவனுக்குக் கவலை, முகத்தில் எழுதியிருந்தது. மாட்டுவதற்கு ஆணி இல்லை. சாவியை அவன் கையிலேயே வைத்துவிட்டு, போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா மாமா?"

"என் பாட்டுல வண்டிக்கு இன்னா இன்னா ஆச்சுனு சொல்லணும்."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேளுடா" என்றார் துளசிங்கம்.